கன்ட்ரி இசைக்குழுவில் பிரஷ்: சத்தத்தைக் குறைக்கவா, வாசிப்பை மாற்றவா?

சிப்புட்_டிரம்ஸ்

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், அமெரிக்கக் கிராமப்புற இசையான கன்ட்ரியை வாசிக்கும் ஐந்து பேர் கொண்ட ஓர் இசைக்குழுவில் நான் டிரம்ஸ் வாசிக்கிறேன். எங்கள் பாடகர் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவர். அமெரிக்கக் கன்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸின் இசைத்தட்டுகளைத் தேயத் தேயக் கேட்ட தலைமுறையைச் சேர்ந்தவர். குரலை உயர்த்தாமல், மைக்கை உதட்டருகே வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதைப் போலத்தான் பாடுவார்.

நாங்கள் பெரும்பாலும் வாசிப்பது பழைய தோட்ட மண்டபத்தில். தகரக் கூரை, சிமெண்டுத் தரை, மேடைக்குப் பின்னால் வெறும் சுவர். சென்ற மாதம் ஒரு பணி ஓய்வு விருந்தில் ஏற்பாட்டாளர் மூன்று முறை மேடையருகே வந்து கையைத் தாழ்த்திக் காட்டினார். நான்காம் முறை ஒரு துண்டுச் சீட்டு வந்தது. அதில் "மேளம் மட்டும் வேண்டாம்" என்று எழுதியிருந்தது. எஞ்சிய ஆறு பாடல்களுக்கு நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரமே ஈப்போவுக்குப் போய் ஒரு சோடிக் கம்பி பிரஷ் (டிரம்ஸ் வாசிக்கும், மெல்லிய கம்பிகளாலான துடைப்பம் போன்றது) வாங்கி வந்தேன். குச்சிக்குப் பதிலாக அதைப் பிடித்து வழக்கம்போல வாசித்தபோது, மெதுவாக அடித்தால் எதுவுமே கேட்கவில்லை, ஓங்கி அடித்தால் துடைப்பத்தால் தகரத்தைச் சாத்துவதைப் போல இருந்தது. என் கையில்தான் குறையா, அல்லது எங்களைப் போன்ற குழுவுக்கு பிரஷ் ஒத்துவராதா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நாலாம்_தந்தி

நான் பேஸ் கிட்டார் வாசிப்பவன். துண்டுச் சீட்டு எழுதியவரிடம் எனக்கும் கோபம்தான், ஆனால் குற்றத்தை முழுவதும் உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். டிரம்ஸ் ஓங்கினால் தன் இசை தனக்கே கேட்கவில்லை என்று கிட்டார்காரர் ஆம்பிளிஃபையரைக் கொஞ்சம் ஏற்றுவார். அதைக் கேட்டு நான் ஏற்றுவேன். பாடகருக்குத் தன் குரல் கேட்காது போகவே ஒலி இயக்குபவர் எல்லா ஸ்பீக்கரையும் ஏற்றுவார். அதற்குள் நீங்கள் இன்னும் ஓங்கியிருப்பீர்கள். இந்த ஓட்டத்தில் முதலில் யார் ஓடினார் என்பது யாருக்கும் நினைவிருக்காது. இருந்தாலும் இறங்கும்போது டிரம்ஸ்தான் முதலில் இறங்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மற்ற எல்லோரிடமும் திருகிக் குறைக்க ஒரு குமிழ் உண்டு, உங்களிடம் இருப்பது கை மட்டும்தான்.

சாத்தே_குச்சி

பிரஷை மறந்துவிட்டு ரோட்ஸ் வாங்குங்கள். மெல்லிய மரக்குச்சிகளைக் கட்டாகக் கட்டியது. குச்சியைப் போலவே துள்ளும், அடியும் தெளிவாக விழும், சத்தம் குச்சிக்கும் பிரஷுக்கும் நடுவில் நிற்கும். கையை மாற்றிப் பழகத் தேவையில்லை. வாங்கப் பணம் இல்லாத காலத்தில் நான் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) சாத்தே இறைச்சி குத்தும் மூங்கில் குச்சிகளை ஒரு கட்டு வாங்கி, இருபது குச்சிகளைச் சேர்த்து, கைப்பிடியில் டேப்பை இறுகச் சுற்றி, நடுவில் ஒரு ரப்பர் வளையத்தைப் போட்டு வாசித்திருக்கிறேன். வளையத்தை மேலே தள்ளினால் சத்தம் இறுகும், கீழே இறக்கினால் விரியும். இரண்டு நிகழ்ச்சி தாங்கும். பிறகு மேடை முழுவதும் சிம்புகளாகக் கிடக்கும். கூர்முனையை வெட்ட மறந்தால் ஸ்நேரின் (முன்னால் வைத்துக் கையால் வாசிக்கும் சிறிய டிரம்மின்) தோல் போய்விடும் என்பதையும் செலவு செய்தே கற்றேன்.

பழைய_பிரஷ்காரர்

தம்பி, உங்கள் கையில் குறை இல்லை. அந்தக் கைக்கு யாரும் வேலையை மாற்றிச் சொல்லவில்லை, அவ்வளவுதான். நான் எழுபதுகளில் ஈப்போ பக்கத்துக் கிளப்புகளில் வாசித்தவன். சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குச்சி என்பது ஒரே புள்ளியில் விழும் கட்டை. பிரஷ் என்பது பரந்து விழும் ஏராளமான மெல்லிய கம்பிகள். அதைக் கொண்டு குச்சியைப் போல அடித்தால், குச்சிக்குரிய கூர்மையும் கிடைக்காது, பிரஷுக்குரிய மென்மையும் கிடைக்காது. நீங்கள் கேட்ட தகரச் சத்தம் அதுதான். பிரஷின் முதல் வேலை அடிப்பது அன்று, தேய்ப்பது. இடக்கை ஸ்நேரின் மீது விடாமல் வட்டமிட வேண்டும்; ஒவ்வோர் எண்ணிக்கையிலும் கை அந்த வட்டத்தின் எந்த இடத்தில் இருக்கிறது என்பது பாட்டு முடியும் வரை மாறக் கூடாது. குச்சியால் அடித்தால் ஒலி பிறந்த உடனே இறந்துவிடும். தேய்ப்பில் ஒலி நீளும். மெதுவான பாட்டில் இரண்டு சொற்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்தை அந்த நீளம்தான் நிரப்புகிறது, அதனால்தான் சத்தமாக அடிக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. வலக்கை அதன் மேல் இரண்டாம், நான்காம் எண்ணிக்கைகளை லேசாகத் தட்டிக் காட்டினால் போதும்.

விரைவுப் பாட்டுக்கு ரயில் தாளம் என்று ஒன்று உண்டு. நம் சொற்கட்டில் சொன்னால் தகதிமி தகதிமி என்று இரு கைகளும் மாறி மாறி ஸ்நேரில் ஓட, 'த'வில் கால் பேஸ் டிரம் எனும் பெரிய டிரம்மை மிதிக்க, 'தி'யில் மட்டும் கை சற்று அழுந்தும். மற்ற மூன்றும் முணுமுணுப்பாக இருக்க வேண்டும். பழகாதவர்கள் நான்கையும் ஒரே கனத்தில் அடித்துவிடுவார்கள். அப்போது அது ரயிலாக இராது, தகரக் கூரையில் விழும் மழையாகிவிடும். மூன்று எண்ணிக்கையில் ஓடும் வால்ட்ஸ் பாட்டுக்குத் தகிட போதும்: 'த' காலுக்கு, 'கிட' பிரஷுக்கு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கன்ட்ரி இசை பிறந்தபோது அதில் டிரம்ஸே இல்லை. நாஷ்வில் நகரில் 1925-இல் வானொலி நிகழ்ச்சியாகத் தொடங்கிய கிராண்ட் ஓல் ஆப்ரி நெடுங்காலம் டிரம்ஸை மேடையில் ஏற்றவில்லை. 1944-இன் இறுதியில் இசைக்குழுத் தலைவர் பாப் வில்ஸ் தம் டிரம்மருடன் அங்கே போனபோது, டிரம்ஸைத் திரைக்குப் பின்னால் வைக்கச் சொன்னார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. பின்னர் மெல்ல விட்டுக்கொடுத்தபோதும் முழுத் தொகுதியை எடுத்த எடுப்பில் அனுமதிக்கவில்லை. டிரம்ஸ் இல்லாமல் தாளத்துக்கு என்ன செய்தார்கள்? முதல் எண்ணிக்கையை நிறுத்திவைத்து வாசிக்கும் பெரிய பேஸ் கொடுத்தது. இரண்டாவதை கிட்டாரின் வீச்சோ மாண்டலின் தந்திகளை அடக்கி வெட்டும் வெட்டோ கொடுத்தது. 1956-இல் கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் தம் கிட்டாரின் தந்திகளுக்கு இடையே காகிதத்தைச் செருகி, ஸ்நேரைப் பிரஷால் தொட்டதைப் போன்ற ஒலியை எழுப்பிப் பதிவு செய்தார். அவர் குழுவில் அப்போது டிரம்மர் கிடையாது, 1960-இல்தான் டபிள்யூ. எஸ். ஹாலண்ட் நிரந்தரமாகச் சேர்ந்தார். அந்த வீட்டுக்கு டிரம்மர் பிந்தி வந்த விருந்தாளி, தம்பி. உங்கள் குழுவில் ரிதம் கிட்டார்காரர் ஏற்கெனவே இரண்டிலும் நான்கிலும் வீசுகிறார் என்றால், நீங்கள் அதே இடத்தில் ஓங்கி அடிப்பது அவர் சொன்னதையே மீண்டும் கத்திச் சொல்வதாகும்.

பயிற்சிக்கு டிரம்ஸ் வேண்டாம். பால்டின் வரும் அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டி மடியில் வைத்துக்கொண்டு தேயுங்கள். நான் அப்படித்தான் கற்றேன். லயத்து வீட்டில் அண்டை வீட்டார் தூங்கவும் முடிந்தது.

உருமி_வீடு

ஐயாவின் விளக்கத்தைப் படித்தபோது எங்கள் வீட்டு உருமிதான் நினைவுக்கு வந்தது. உருமியிலும் ஒரு முகத்தில் நேர்க்குச்சியால் அடிப்போம், மறு முகத்தில் வளைந்த குச்சியால் தேய்ப்போம். தைப்பூசத்தில் நடப்பவர்களின் மயிரைச் சிலிர்க்க வைப்பது அடி அன்று, அந்தத் தேய்ப்பின் உறுமல்தான். எனவே தேய்ப்பு நமக்கு அன்னியமானது அன்று என்று சிப்புட் நண்பருக்குச் சொல்லலாம்.

ஆனால் ஒப்புமையை ஓர் எல்லைக்கு மேல் இழுக்கக் கூடாது. உருமியில் குச்சி தோலை அழுத்திப் பிடித்து இழுப்பதால் தோலே அதிர்ந்து சுருதி ஏறி இறங்குகிறது; சத்தமும் பெரிது. பிரஷில் கம்பிகள் தோலின் சொரசொரப்பில் உரசுவதால் காற்று வீசுவதைப் போன்ற ஓசைதான் வருகிறது, அதற்குச் சுருதி இல்லை. உருமிக்காரன் கையோடு பிரஷைப் பிடித்தால் அழுத்தம் கூடிக் கம்பி வளைந்துவிடும். என் முதல் சோடி அப்படித்தான் கோழி மிதித்த கூடையாகிப் போனது.

ஒலிப்பலகை

நான் ஒலி அமைப்பு வாடகைக்கு விடுபவன். பிரஷைப் பற்றிய பெரும்பாலான பேச்சில் மண்டபத்தை மறந்துவிடுகிறார்கள்.

காது ஒலியைக் கேட்கும் முறைப்படி, ஏறத்தாழ 10 டெசிபல் குறைந்தால்தான் சத்தம் பாதியானதாக நமக்குத் தோன்றும். 3 டெசிபல் குறைந்தால் ஆற்றல் பாதியாகிவிடும், ஆனால் கேட்பவர் "கொஞ்சம் குறைந்தது போல இருக்கிறது" என்றுதான் சொல்வார். அதனால் டிரம்மர் தாம் மிகவும் அடக்கி வாசித்ததாக நினைப்பார், முன்வரிசையில் இருப்பவருக்கு வேறுபாடே தெரியாது. வெட்டவெளியில் தொலைவு இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். தகரக் கூரையும் சிமெண்டுத் தரையும் உள்ள மண்டபத்தில் ஒலி திரும்பத் திரும்ப எதிரொலிப்பதால் பின்வரிசைக்காரருக்கும் அந்தச் சலுகை கிடைப்பதில்லை.

ஆகவே முதலில் டிரம்ஸை மூலையிலிருந்து வெளியே நகர்த்துங்கள். மூலைச் சுவர்கள் பேஸ் டிரம்மின் கனத்தைக் கூட்டும். அடியில் கம்பளம் விரியுங்கள், பின்சுவரில் கனத்த திரைத்துணியைத் தொங்கவிடுங்கள். அதன்பிறகு பிரஷைப் பிடியுங்கள், பிடித்தபின் ஸ்நேருக்கு மேல் ஒரு மைக் வையுங்கள். சத்தத்தைக் குறைக்கத்தான் பிரஷ், பிறகு எதற்கு மைக் என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள். மேடையில் இயல்பாக எழும் சத்தத்தை நான் குறைக்க முடியாது. மைக் வழியாக வரும் சத்தத்தைக் குறைக்கவும் கூட்டவும் என்னால் முடியும். பிரஷ் உங்கள் சத்தத்தை உங்கள் கையிலிருந்து வாங்கி என் கையில் கொடுக்கிறது. நூறு பேர் சாப்பிட்டுக்கொண்டே பேசும் விருந்தில் மைக் இல்லாத தேய்ப்பு மூன்றாவது மேசையைத் தாண்டாது.

காதுக்கும் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவின் பணியிட உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைப்பது 85 டெசிபலுக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபலுக்குக் கிடைப்பது 15 நிமிடம். குச்சியால் ஓங்கி வாசிக்கும் டிரம்மர் தம் ஸ்நேருக்கு அரை மீட்டர் தொலைவில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்.

பழைய_பிரஷ்காரர்

மைக் விஷயத்தில் உங்களோடு நான் முழுவதும் உடன்படவில்லை. நாங்கள் வாசித்த கிளப்புகளில் டிரம்ஸுக்கு மைக்கே இருந்ததில்லை. மற்றவர்கள் எங்களைக் கேட்கும் அளவுக்குத் தங்களைக் குறைத்துக்கொண்டார்கள். மைக் வைத்தால் தேய்ப்பின் ஓசை நீங்கள் சொல்வதைப் போல உங்கள் கைக்கு வந்துவிடும், பிறகு அது உங்கள் ரசனைக்கு ஏற்பத்தான் இருக்கும். விருந்தில் பேச்சுச் சத்தம் இருக்கிறது என்பது உண்மைதான், அங்கே வையுங்கள். சிறிய இடத்தில் வேண்டாம்.

இரண்டாம்_குரல்

நான் ஒரு குழுவில் பாடுகிறேன், டிரம்ஸ் தெரியாது. ஆனால் டிரம்மர் பிரஷுக்கு மாறிய நாளில் மைக்கின் முன்னால் என்ன நடக்கிறது என்பது தெரியும்.

முதலில் மூச்சு எளிதாகிறது. குச்சியால் சிம்பல் எனும் உலோகத் தட்டை அடிக்கும்போது எழும் கூர்மையான ஒலி, சொற்களின் முனையில் வரும் மெல்லிய ஓசைகளைத் தின்றுவிடுகிறது. ஆங்கிலப் பாட்டில் ச, ஸ, த போன்ற ஒலிகள் காணாமல் போனால் கேட்பவருக்குச் சொல்லே விளங்காது. பிரஷால் தொடும் சிம்பல் அப்படிச் செய்வதில்லை. ஆனால் ஸ்நேரின் தேய்ப்பு சற்று அதிகமானால் அதுவும் அதே மெல்லிய ஓசைகளின் மீதுதான் வந்து படிகிறது. வரி முடியும் இடத்தில் தேய்ப்பைக் கொஞ்சம் அடக்கும் டிரம்மர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

இரண்டாவதாக, அண்ணன்மார்கள் எல்லோரும் கையைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் டிரம்மர் பிரஷைப் பிடித்த முதல் நாள் கை இறங்கியது, கால் இறங்கவில்லை. அதற்கு முன் ஸ்நேருக்குள் மறைந்திருந்த பேஸ் டிரம் தனியாக நின்று, ஒவ்வொரு மிதிக்கும் என் நெஞ்சில் வந்து முட்டியது. உள்ளே ஒரு தலையணையை வைத்து, குதிகாலை ஊன்றி மிதிக்கச் சொன்ன பிறகே சரியானது.

சிப்புட்_டிரம்ஸ்

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் அட்டைப்பெட்டியோடு கழிந்தது. (என் மனைவி இப்போது அரிசி களையும் சத்தத்தைக் கேட்டாலே திரும்பிப் பார்க்கிறாள்.) வட்டம் வந்துவிட்டது, வலக்கை தட்டும்போது இடக்கை நின்றுபோகும் பழக்கம் இன்னும் முழுவதும் போகவில்லை. அக்கா சொன்ன கால் விஷயம் அப்படியே எனக்கும் பொருந்தியது. பயிற்சியைக் கைப்பேசியில் பதிவு செய்து கேட்டபோது பேஸ் டிரம்மைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

ஒரு சந்தேகம். அட்டையில் அழகாகக் கேட்கும் தேய்ப்பு என் ஸ்நேரில் கேட்கவில்லை, வழுக்கிக்கொண்டு போகிறது. வேகமாகத் தேய்த்தாலும் பயனில்லை. பிரஷை மாற்ற வேண்டுமா?

பழைய_பிரஷ்காரர்

பிரஷை மாற்றாதீர்கள், தோலை மாற்றுங்கள். உங்கள் ஸ்நேரில் இருப்பது வழவழப்பான தெளிந்த பிளாஸ்டிக் தோலாக இருக்கும், அல்லது வெள்ளைப் பூச்சு நடுவில் தேய்ந்துபோயிருக்கும். ரெமோ நிறுவனம் 1957-இல் தொடங்கிப் பிளாஸ்டிக் தோலைப் பரப்புவதற்கு முன்பு எல்லோரும் வாசித்தது கன்றுத் தோலில். அதற்கு இயல்பாகவே சொரசொரப்பு உண்டு, ஆனால் நம் ஊர் ஈரப்பதத்தில் மாலையில் இழுத்துக் கட்டியது இரவுக்குள் தொய்ந்துவிடும். பிளாஸ்டிக் தொய்வதில்லை, கம்பிக்குப் பிடியும் கொடுப்பதில்லை. அதற்காகத்தான் மேலே வெள்ளைப் பூச்சுப் பூசிய தோலை வாங்க வேண்டும். சற்று இறுக்கிக் கட்டினால் மெல்லிய தொடுகையும் பேசும்.

கம்பி பிரஷை வாசித்து முடித்ததும் துணியால் துடைத்துவிட்டுக் குழாய்க்குள் இழுத்து மூடுங்கள். வியர்வையோடு மூடினால் ஒரே மாதத்தில் துரு ஏறி, வெள்ளைத் தோலில் செம்மண் கோடு போடும். நைலான் பிரஷ் துருப்பிடிக்காது, சத்தமும் சற்றுக் கூடுதல். ஆனால் தேய்ப்பில் கம்பியின் அந்த மெல்லிய இழை அதில் வருவதில்லை.

சாத்தே_குச்சி

ஐயா, மெதுவான பாட்டுக்கு நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோவில் திடலில் போட்ட கூடாரத்தின் கீழே, பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடும்போது, ரயில் தாளத்தைப் பிரஷால் வாசித்துப் பாருங்கள். ரயில் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அந்த இடத்தில் ரோட்ஸ்தான் கைகொடுக்கும்.

பழைய_பிரஷ்காரர்

அந்த இடத்தில் நான் குச்சியே எடுப்பேன். குச்சியைத் தோலின் மீது படுக்கவைத்து வளையத்தைத் தட்டும் கிராஸ் ஸ்டிக் ஒலி போதுமானது, பாடகரையும் மறைக்காது. ரோட்ஸ் எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் ஒன்றுதான்: அதைக் கொண்டு தேய்க்க முடியாது. சத்தம் குறைந்த குச்சி அது. சத்தம் மட்டும் குறைந்தால் போதும் என்பவருக்கு அது சரியான பொருள்தான்.

சிப்புட்_டிரம்ஸ்

சனிக்கிழமை அதே மண்டபத்தில், அதே ஏற்பாட்டாளரின் இன்னொரு விருந்தில் வாசித்துவிட்டு வந்தேன். டிரம்ஸை மூலையிலிருந்து இரண்டு மீட்டர் முன்னால் இழுத்து, அடியில் வீட்டுக் கம்பளத்தை விரித்து, பேஸ் டிரம்முக்குள் தலையணையை வைத்தேன். ஸ்நேரில் புதிய பூச்சுத் தோல், மேலே ஒரு மைக். விரைவுப் பாட்டு இரண்டுக்கு மட்டும் ரோட்ஸ், மற்ற எல்லாவற்றுக்கும் பிரஷ். பழைய ஐயா மன்னிக்க வேண்டும், 'தி'யில் அழுந்தும் அழுத்தம் இன்னும் எனக்குக் கைகூடவில்லை.

பாடகர் இடைவேளையில் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் நான்கு ஆண்டுகளில் முதல் முறையாக மைக்கை உதட்டிலிருந்து ஒரு சாண் விலக்கிப் பாடினார். ஆறாவது பாட்டில் ஏற்பாட்டாளர் மேடையை நோக்கி வருவதைப் பார்த்ததும் என் வட்டம் குலைந்துவிட்டது. அவர் என்னைக் கடந்து நேரே கிட்டார்காரரிடம் போய்க் கையைத் தாழ்த்திக் காட்டினார்.

நாலாம்_தந்தி

அடுத்த துண்டுச் சீட்டு பேஸுக்குத்தான் வரும். இன்றைக்கே நான் என் குமிழைப் பார்த்துக்கொள்கிறேன்.